லயம் என்றோர் ஆங்கிலச் சொல்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவில் ஒருவரிடம் வீடு எங்கே என்று கேட்டால் பதில் படிப்படியாக வரும். முதலில் தோட்டத்தின் பெயர். அடுத்து மேல்கணக்கா, பணியகணக்கா, அதாவது மேல் டிவிசனா, கீழ் டிவிசனா என்பது. அதற்குப் பிறகு எந்த லயம், லயத்தில் எந்தக் காம்பரா. தெருப் பெயரும் வீட்டிலக்கமும் அந்தப் பதிலில் இருக்காது. இந்த விலாசத்தில் நடுநாயகமாக நிற்பது, தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பைக் குறிக்கும் ‘லயம்’. அந்தச் சொல்லைப் பற்றி மலையகத்தில் பேசியும் எழுதியும் வந்திருக்கிறார்கள். பேசியவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவில்லை. அது ஆங்கிலத்தின் ‘லைன்’ என்கிறார்கள் சிலர். குதிரை கட்டும் லாயம்தான் லயமாகிவிட்டது என்று சாதிக்கிறார்கள் வேறு சிலர். சங்கீதம் அறிந்தவர்களுக்கோ அந்த ஒலி வேறெதையோ நினைவூட்டுகிறது. எழுதும்போது லயம், லயன், லயின், லைன் என்று நான்கு வடிவங்கள் புழங்குகின்றன. அதில் ‘லயன்’ என்று எழுதிவிட்டால் சிங்கமும் வந்து சேர்ந்துகொள்ளும். இத்தனை சிக்கலையும் ஒருமுறை பிரித்து அடுக்கிப் பார்க்கலாம்.

ஆங்கிலச் சொல்லில் இருந்தே தொடங்குவோம். ‘லைன்’ என்பதற்கு ஆங்கில அகராதிகள் பத்தி பத்தியாகப் பொருள் தரும். கோடு, கயிறு, வரிசை, பாட்டின் அடி, ரயில் பாதை, வம்சம், தொழில் என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஆளிச்செடியைக் குறிக்கும் ஒரு லத்தீன் சொல். அந்தச் செடியின் நாரில் திரித்த நூல்தான் முதல் ‘லைன்’. லினன் துணியும், கோட்டுச் சட்டையின் உள்ளே தைக்கும் லைனிங்கும் அதே குடும்பம். நம் கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் பிடித்துப் பார்ப்பதும், கோணாமல் போவதை ‘நூல் பிடித்தாற்போல்’ என்று நாம் சொல்வதும் அந்த ஆதிப் பொருளுக்கு மிக அருகில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் கன்று நடுவதற்கு முன் கயிறு இழுத்து முளையடித்துக் குழிக்கு இடம் குறிப்பார்களே, அந்த வேலைக்கும் துரைமாரின் ஆங்கிலத்தில் பெயர் ‘லைனிங்’தான். செடியையும் ஆளையும் ஒரே கயிற்றால் அளந்த மொழி அது.

ஆனால் குடியிருப்புக்கு அந்தப் பெயர் வந்தது கயிற்றிலிருந்து நேராக அல்ல, பட்டாளத்தின் வழியாக. கிழக்கிந்தியக் கம்பெனியின் படை முகாம்களில் சிப்பாய்களின் குடிசைகள் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றை ‘லைன்ஸ்’ என்றார்கள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ‘சிப்பாய் லைன்ஸ்’ என்ற இடப்பெயர் நிலைத்தது. டில்லியின் ‘சிவில் லைன்ஸ்’, தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் பேச்சில் உள்ள ‘போலீஸ் லைன்’ எல்லாம் அந்த வழக்கின் மிச்சம். இலங்கைக்கு இந்தச் சொல் எப்படி ஏறி வந்தது என்பதை விளங்கிக்கொள்ள முதல் தோட்டக்காரர்கள் யார் என்று பார்த்தால் போதும். 1824 முதல் ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூ போரில் நின்ற படைத்தளபதி. கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் அவருக்கே கோப்பித் தோட்டம் இருந்தது. அவரைப் பார்த்துப் படை அதிகாரிகளும் அரசாங்க உத்தியோகத்தரும் காணி வாங்கிக் கோப்பி போட்டார்கள். முகாமில் பழகிய சொற்களை மலைக்கும் கொண்டு வந்தார்கள்.

இதற்குச் சாட்சி ‘லைன்’ மட்டுமல்ல. காலையில் தொழிலாளர்கள் கூடி வேலை பிரித்துக் கொள்ளும் இடம் பெரட்டுக்களம். பெரட்டு என்பது ‘பரேட்’. விடியும் முன்னே ஆட்களை எழுப்ப அடித்த தப்புக்குப் பெரட்டுத் தப்பு என்று பெயர். அதே கூட்டத்தைத் துரையின் ஆங்கிலம் ‘மஸ்டர்’ என்கிறது. அதுவும் படை அணிவகுப்பில் ஆள் எண்ணும் சொல்தான். எண்ணி முடித்ததும் பெயர் ஏறும் ஏடு ‘செக்ரோல்’. தங்குவது லைன், கூடுவது பரேட், எண்ணுவது மஸ்டர். ஒரு தொழிலாளியின் நாளைத் தொடக்கத்திலிருந்து எடுத்துப் பார்த்தால் அது ஒரு சிப்பாயின் நாள், சீருடையும் பென்ஷனும் இல்லாமல்.

இதே ஏற்பாடு கடல் கடந்த தோட்டங்களிலும் இருந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் ஒப்பந்தக் கூலிகளின் குடியிருப்புக்கு ‘லைன்’ என்றே பெயர். டிரினிடாட்டில் அதை ‘பராக்ஸ்’ என்றார்கள், கயானாவில் ‘லோஜி’. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் ‘லேபர் லைன்’. மலேசியத் தமிழர்களின் ரப்பர் தோட்ட நினைவுகளில் லயத்து வீடு வராத பக்கம் குறைவு. மூணாற்றில் மலையாளிகளும் தமிழரும் ஒன்றுபோல ‘லயம்’ என்கிறார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேரைக் கொண்டுபோனபோது கேரளச் செய்திகளில் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் அதுதான். வயநாட்டுத் தோட்டங்களில் மட்டும் வேறொரு பெயர், ‘பாடி’. பழந்தமிழில் பாடி என்றால் படை தங்கும் இடம், பாடிவீடு என்றால் பாசறை.

இனி உச்சரிப்புக்கு வருவோம். ‘லைன்’ எப்படி ‘லயம்’ ஆனது? இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தின் ‘ஐ’ ஒலியைத் தமிழ்ப் பேச்சு இரண்டாக உடைத்துக்கொள்ளும். ‘டைம்’ டயம் ஆனது போல ‘லைன்’ லயன் ஆனது. அதற்கு மேல் நடந்தது இன்னும் சுவையானது. தமிழில் குற்றெழுத்தில் தொடங்கி ‘அன்’, ‘அம்’ என்று முடியும் சில அஃறிணைச் சொற்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்கும். அறம் அறனாகும், நிலம் நிலனாகும், கலம் கலனாகும். பள்ளிக்கூட இலக்கணம் இதைக் கடைப்போலி என்கிறது. லயன் என்று காதில் விழுந்ததும், உயிரில்லாத ஒரு பொருளுக்கு ‘அன்’ விகுதி பொருந்தவில்லை என்று மொழி தானாகவே ‘அம்’ போட்டு நேர்செய்துவிட்டது. எழுதப் படிக்க விடப்படாத ஒரு சனம் இலக்கண விதியை இவ்வளவு துல்லியமாக ஓர் அந்நியச் சொல்லின் மேல் பிரயோகித்திருக்கிறது என்பதை நம் பண்டிதர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. சிங்களத்திலும் இதே சொல் ‘லெயிம’ என்று மகர ஒலியோடுதான் வழங்குகிறது.

அதே ஆங்கிலச் சொல் பிற்காலத்தில் இரண்டாவது முறையும் மலையகத்துக்கு வந்தது. இந்த முறை உடையாமல், ‘லைன்’ என்றே வந்தது. மின்சார லைன், டெலிபோன் லைன், கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மெயின் லைன், சினிமா கற்றுக்கொடுத்த ‘லைன் அடிப்பது’ எல்லாம் இந்த இரண்டாம் வரவு. ‘லயத்துக்கு லைன் இழுத்தாச்சு’ என்று சொன்னால் மலையகத்தில் யாரும் குழம்பமாட்டார்கள். ஒரே சொல் இரண்டு தரம் கடன் வாங்கப்பட்டு இரண்டு பொருளில் ஒரே வசனத்தில் அமர்ந்திருக்கிறது என்பது யாருக்கும் உறைக்காது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் மறு வருடம் நானுஓயாவுக்கும் வந்துவிட்டது. மின்சாரமோ பல லயங்களுக்கு நூறு வருடம் கழிந்த பிறகும் வரவில்லை. ரயில் லைனுக்கும் மின்சார லைனுக்கும் இடையே விழுந்த காலம் அது.

இப்போது லாயம். ‘குதிரைகளுக்குக் கட்டிய லாயத்தில்தான் எங்கள் ஆட்களைக் குடிவைத்தார்கள், அதனால்தான் லயம்’ என்ற விளக்கத்தை மேடைகளில் கேட்கலாம், கட்டுரைகளிலும் காணலாம். சொல்லாராய்ச்சி என்ற முறையில் இது நிற்காது. லாயம் தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் பழகிய பழைய சொல். தோட்டத்துக் கட்டடங்களோ தொடக்கம் முதலே ஆட்களுக்கென்று கட்டப்பட்டவை, ஆங்கில ஆவணங்களில் ‘கூலி லைன்ஸ்’ என்றே பதிவானவை. ஆனால் இந்த விளக்கத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் துரையின் பங்களாவை ஒட்டி உண்மையாகவே ஒரு குதிரை லாயம் இருந்தது, குதிரைக்காரன் என்று சம்பளத்துக்கு ஓர் ஆளும் இருந்தான். துரை மலை சுற்றியது குதிரை மேல். நுவரெலியாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே குதிரைப் பந்தயத் திடல் வந்துவிட்டது. ஏப்ரல் ‘சீசனில்’ ஓடும் குதிரைகளுக்கு அங்கே நல்ல லாயங்கள் உண்டு. ஆக, ஒரே தோட்டத்தில் மேலே லாயம், கீழே லயம். இரண்டையும் நாள்தோறும் பார்த்தவர்களின் நாக்கில் இரண்டு சொல்லும் உரசிக்கொண்டது இயல்பு. வேர்ச்சொல் தப்பு, சொன்னவர்களின் கண் தப்பில்லை.

வடமொழியின் லயம் இன்னொரு திசைக்கு இழுக்கிறது. கரைதல், ஒன்றுதல், தாளத்தின் ஓட்டம் என்ற பொருள்கள் நமக்குப் பழக்கமானவை. சுருதி தாய், லயம் தந்தை என்பார்கள் வித்துவான்கள். ஒன்றிப்போவதை லயித்தல் என்கிறோம். பலரும் மறந்துவிட்ட பொருள் ஒன்றும் அங்கே உண்டு. ஒட்டிக்கொள்ளுதல், தங்குதல் என்ற வேரிலிருந்து வருவதால் லயம் என்பதற்குத் ‘தங்குமிடம்’ என்றும் வடமொழி அகராதிகள் பொருள் சொல்கின்றன. ஆலயம், இமாலயம், வித்தியாலயம் எல்லாவற்றிலும் அந்த வேர் உள்ளே இருக்கிறது. அதே வேரில் பிறந்த ‘லயன’ என்ற சொல் பிராகிருதத்தில் ‘லேண’ ஆகிக் குகையைக் குறித்தது. இலங்கையின் மிகப் பழைய பிராமிக் கல்வெட்டுகள் பிக்குகளுக்குத் தானம் செய்த குகைகளை இந்தச் சொல்லால்தான் குறிக்கின்றன. ஆங்கிலேயரின் பட்டாளச் சொல்லும் பிக்குகளின் குகைச் சொல்லும் ஒரே ஒலியில் வந்து முட்டிக்கொண்டது தற்செயல்தான், உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் தோட்டத்துப் பிள்ளை காலையில் லயத்திலிருந்து இறங்கித் தமிழ் வித்தியாலயத்துக்குப் போகிறது என்று எழுதும்போது பேனா ஒரு கணம் தயங்கும். முன்பு அந்தத் தூரமும் இல்லை. ஒரு காம்பராவிலேயே பிள்ளைகளை உட்காரவைத்த ‘லயப் பள்ளிக்கூடங்கள்’ இருந்தன. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான்.

சங்கீத லயத்தை வைத்துக் கவிதை செய்பவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. லயம் என்ற பெயர் இனிமையாக ஒலிப்பதே ஒரு விபத்து. அந்த இனிமையை எடுத்துக் ‘கொழுந்தெடுக்கும் விரல்களின் லயம்’ என்று எழுதுகிறவர் ஒரு முறையாவது அந்தக் காம்பராவுக்குள் ஈர விறகு புகையும்போது உட்கார்ந்து பார்த்திருக்கவேண்டும்.

சிங்கம் மிச்சம் இருக்கிறது. மலையக எழுத்தாளர்களில் பலர் ‘லயன்’ என்றே எழுதுகிறார்கள். ஆங்கில மூலத்துக்கு அருகில் நிற்கிறது என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் தமிழ் எழுத்தில் அது ‘லயன்ஸ் கிளப்’ பலகையில் உள்ள அதே லயன். இந்த நாட்டில் சிங்கம் சும்மா ஒரு மிருகமும் அல்ல. கொடியில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் தொடங்கிய மதுபான ஆலையின் பியர் போத்தலில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இலங்கைத் தேயிலைச் சபையின் முத்திரையில் இருக்கிறது. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதியிட்டால்தான் அந்தச் சிங்க முத்திரையைப் பெட்டியில் போடலாம். உலகக் கடைகளில் தரத்துக்கு அதுதான் அடையாளம். பெட்டிக்கு மேலே ஒரு லயன், அதற்குள் இருக்கும் கொழுந்தைக் கிள்ளியவர் வசிப்பது இன்னொரு லயன். ஒரு நாவலாசிரியர் இப்படிக் கற்பனை செய்தால் செயற்கை என்று சொல்லியிருப்போம்.

வடிவங்களுக்குள்ளும் ஒரு வகுப்புப் பிரிவினை தெரிகிறது. குடியிருப்பவர் வாயில் அது லயம். தோட்டத்து ஆபீசில் அது லயின் அல்லது லைன். எழுத்தாளர் கையில் லயன். பத்திரிகைச் செய்தியில் ‘லயன் குடியிருப்பு’, ‘தொடர் குடியிருப்பு’. நான் லயம் என்றே எழுதுகிறேன். அங்கே பிறந்தவர்கள் இட்ட வடிவம் அதுதான்.

பெயர் சரி, பொருள் என்ன? ஒரே கூரையின் கீழ் ஆறு முதல் பன்னிரண்டு காம்பரா வரை ஒற்றை வரிசையாக இருப்பது ஒரு வகை. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை ஒட்டிக் கட்டியது இரட்டை லயம். காம்பரா ஒன்று பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. அதற்கு முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதாவது விறாந்தை. இரட்டை லயத்தில் பின் கதவுக்கும் பின் யன்னலுக்கும் இடமே கிடையாது. பிறப்பு, தாலி கட்டு, பிணம் கிடத்துதல் மூன்றும் அந்த 120 சதுர அடியில்தான். தொங்கலில் உள்ள காம்பராவுக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு. ஒரு பக்கச் சுவர் வெளியைப் பார்க்கும், பக்கத்தில் நாலு மரக்கறிப் பாத்தி போடலாம். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டார் இருமுவது கேட்கும். ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரை வழியாக முழு லயத்துக்கும் பரவும். மலையகப் பத்திரிகைச் செய்திகளில் ‘லயன் குடியிருப்பில் தீ’ என்ற தலைப்பு வருடா வருடம் வருவது கட்டடத்தின் குணத்தால். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் வரிசையாகவே புதைந்தன.

கட்டடத்தின் உள் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டால் இலங்கையை ஆண்டவர்களின் பட்டியலே கிடைத்துவிடும். காம்பரா போர்த்துக்கீசரிடமிருந்து. இஸ்தோப்பு ஒல்லாந்தரின் ‘ஸ்டூப்’. லயம் ஆங்கிலேயரிடமிருந்து. தண்ணீர் பிடிக்கும் பீலியும், கொழுந்து நிறுக்கும் மடுவமும் சிங்களத்தோடு பகிர்ந்துகொண்டவை. தாயும் தகப்பனும் மலைக்குப் போனால் குழந்தையை விடும் இடம் புள்ளக்காம்பரா. தமிழுக்கு என்ன பங்கு என்றால், அடுப்பும் சாமி படமும் தமிழ், லயத்துக் கோடியில் நடக்கும் சண்டையும் தமிழ். லயத்து வாசலைத் துப்புரவு செய்பவருக்கு ‘வாசக்கூட்டி’ என்று தமிழில் ஒரு பெயர் உண்டு. அந்த வேலை எந்தச் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதும் அதே பெயருக்குள் இருக்கிறது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைக் கூட்டி வந்தபோது சாதியையும் சேர்த்தே கூட்டி வந்தார்கள். லயம் பிரித்தபோது அதையும் பார்த்தே பிரித்தார்கள். ஆங்கிலேயன் போட்ட கோட்டின் மேல் நாமும் ஒரு கோடு போட்டுக்கொண்டோம் என்பதை விட்டுவிட்டு லயத்தின் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

தோட்டத்தில் பொருள் மாறிப்போன ஆங்கிலச் சொற்கள் இன்னும் பல. தேயிலை ஆலையை ‘இஸ்டோரு’ என்பார்கள். கோப்பிக் காலத்தில் கொட்டையைக் கொண்டுவந்து சேர்த்த கட்டடத்தை ஆங்கிலேயர் ‘ஸ்டோர்’ என்றார்கள். 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியை அழித்தது, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவியது, எந்திரங்கள் வந்தன. பெயர் மட்டும் கோப்பிக் காலத்திலேயே நின்றுவிட்டது. ‘கண்டாக்கையா’ பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் அல்ல, மலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர். ‘கொந்தரப்பு’ என்பது கான்ட்ராக்ட், நாட்சம்பளத்துக்கு வெளியே அளவு பேசிச் செய்யும் வேலை.

எதிர்த்திசையிலும் சொற்கள் போயின. துரைமாரின் ஆங்கிலத்தில் ‘பி.டி.’ என்றால் பெரியதொரை, ‘எஸ்.டி.’ என்றால் சின்னத்தொரை. ‘கே.பி.’ கணக்கப்பிள்ளை. தோட்டத்து ஆங்கிலத்தில் ஒரு நாள் வேலையை ‘நேம்’ என்று சொல்வது வெளியாருக்குப் புரியாது. அது நம் ‘பேர்’. முழு நாள் செய்தால் ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பெயர் விழுவதே கூலி என்பதால் பேர் என்பது சம்பளமாகிவிட்டது. சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்த கண்காணி, இலங்கைக்கு வந்து கங்காணியாகி, அங்கிருந்து ஆங்கில அகராதிக்குள் போனார். கூலி அதைவிட மோசமாகப் பயணம் செய்தது. உழைப்புக்குக் கொடுக்கும் காசைக் குறித்த சொல் உழைக்கும் ஆளைக் குறித்து, உலகம் முழுவதும் வசையாக முடிந்தது. துரைமாருக்குத் தமிழ் கற்பிக்க அச்சிட்ட கையேடுகளைப் புரட்டினால் இந்தப் போக்குவரத்தின் தன்மை விளங்கும். 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதியதன் பெயர் ‘கூலித் தமிழ்’. சின்னத்தொரைமாருக்கான இன்னொரு சட்டைப்பைக் கையேட்டின் பெயர் ‘இங்கே வா’. அந்தத் தமிழில் ஏவலுக்குத்தான் முதல் இடம். ‘வாருங்கள்’ என்று சொல்லக் கற்ற துரை எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

லயம் ஓர் எல்லைக்கோடாகவும் இருந்தது. தோட்டம் தனியார் சொத்து என்பதால் லயத்துக்குள் வெளியாள் நுழைவது அத்துமீறல். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர் துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போய் ஆட்களைச் சந்தித்ததாகச் சொல்லப்படும் கதை இதன் பின்னணியில்தான் பொருள்படும். தன் வீட்டுக்கு யார் வரலாம் என்று தீர்மானிக்க முடியாதவருக்கு அது வீடாகுமா? மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். லயத்தில் குடியிருந்த சனத்தைப் பற்றி எழுதியவர் தேர்ந்தெடுத்த தலைப்பு அது.

சட்டம் இந்தக் கோட்டை அழுத்தி வரைந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் லயத்துக்காரரை நாடற்றவராக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையொப்பமிட்டு 525,000 பேர் இந்தியப் பக்கம், 300,000 பேர் இலங்கைப் பக்கம் என்று பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரைப் பத்து வருடம் கழித்துப் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்கள் வெவ்வேறு நாட்டுக்குச் சொந்தமாயின. குடியுரிமைச் சிக்கல் சட்டத்தில் தீர 2003 வரை ஆனது. இன்றும் சனத்தொகைக் கணக்கெடுப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிக்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாமல், பத்துத் தொழிலாளருக்குக் குறையாமல் குடியிருக்கும் பெருந்தோட்டம் கிராமத்தில் சேராது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு இருந்த விதத்தால், வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த சபை உறுப்பினர் சபைப் பணத்தில் லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாத நிலை 2018இல் திருத்தம் வரும் வரை நீடித்தது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குத் திரும்பியது. உடைமை இப்படிக் கைமாறிய ஒவ்வொரு தரமும் லயங்களும் கட்டடக் கணக்கில் சேர்ந்தே கைமாறின.

பெயரை மாற்றும் முயற்சி பிறகு வந்தது. 2015க்குப் பின் ‘மலைநாட்டுப் புதிய கிராமங்கள்’ என்ற பெயரில் ஓர் அமைச்சே இயங்கியது. 2018இல் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாகப் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. லயத்தை இடித்து வரிசையிலிருந்து விலக்கி, ஏழு பேர்ச்சில் தனி வீடு என்பது திட்டம். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஏழு பேர்ச் என்றால் 1,900 சதுர அடியைத் தாண்டும். ‘கிராமம்’ என்ற சொல்லைப் பிடித்தவர்கள் சரியான இடத்தைப் பிடித்தார்கள் என்றே நினைக்கிறேன். தோட்டக்காட்டான் என்ற வசைக்குப் பதிலாக, நானும் ஊர்க்காரன் என்று சொல்லக் கிடைக்கும் சொல் அது. ஆனால் சொல் சட்டப் புத்தகத்திலிருந்து வாய்க்கு இறங்கவில்லை. புதிய வீடுகளை மக்கள் ‘வீட்டுத்திட்டம்’ என்கிறார்கள், சுருக்கமாக ‘ஸ்கீம்’. லயம் போலவே இதுவும் கட்டிக்கொடுத்தவரின் மொழி.

தேயிலைக்கு அளந்த காணியில் மனிதருக்கு எத்தனை பேர்ச் என்பதுதான் இனி நடக்கும் வாதம். ஏழா, பத்தா, இருபதா என்று தொழிற்சங்கங்களும் கம்பெனிகளும் பேசிக்கொண்டிருக்கின்றன. வீடு கிடைத்த எல்லோர் கையிலும் காணி உறுதி இல்லை. லயங்களில் இருப்போருக்குக் கடிதம் இன்னும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருகிறது. வங்கியில் கடன் கேட்டுப் போனால் நிரந்தர விலாசம் என்ற கட்டத்தில் தோட்டத்தின் பெயரை எழுதுகிறார்கள். அதற்குக் கீழே டிவிசன், அதற்கும் கீழே லயத்தின் இலக்கம்.